ஹோம்ஸ்கூலிங் பிள்ளைகளின் நாள் எங்கே போகிறது?

ஹோம்ஸ்கூலிங் என்று பேச்செடுத்தாலே முதலில் வருகிற கேள்வி சட்டத்தைப் பற்றியோ சான்றிதழைப் பற்றியோ இருக்காது. "சரி, அப்போ நாள் முழுக்க வீட்டுல என்னதான் பண்ணுவாங்க?" என்பதாகத்தான் இருக்கும். கேட்பவர் மனதில் ஏற்கெனவே ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று, காலை ஒன்பது மணி முதல் மாலை நாலு மணி வரை அம்மா வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று எல்லாப் பாடமும் எடுக்கிறார். இல்லையென்றால், பிள்ளை பத்து மணிக்கு எழுந்து செல்போனும் கையுமாக சோபாவில் கிடக்கிறது. இப்படி வீடுகளே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் ரொம்ப நாள் ஓடாது. முதல் வீட்டில் அம்மா சில மாதங்களில் களைத்துவிடுவார், இரண்டாவது வீட்டில் தாத்தா பாட்டி சும்மா விடமாட்டார்கள்.

கொரோனா வந்த பிறகு குழப்பம் இன்னும் கூடிவிட்டது. "2020ல நாங்களும் ஹோம்ஸ்கூலிங் பண்ணோமே, போதும்டா சாமி" என்று பலர் சொல்கிறார்கள். அது ஹோம்ஸ்கூலிங் இல்லை. பள்ளியின் டைம்டேபிள், பள்ளியின் டீச்சர், பள்ளியின் ஹோம்வொர்க் எல்லாம் அப்படியே ஒரு திரை வழியாக வீட்டுக்குள் வந்தது, அவ்வளவுதான். (ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட ஆன்லைன் வகுப்பு இரண்டு போதும் என்று அந்த ஜூலையிலேயே ஒன்றிய அரசின் பிரக்யாதா வழிகாட்டுதல் சொன்னது. எத்தனை பள்ளிகள் அதைக் கேட்டன என்பது வேறு கதை.) பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல், என்ன படிப்பது, எப்போது படிப்பது, எவ்வளவு நேரம் படிப்பது என்பதைக் குடும்பமே முடிவு செய்வதுதான் ஹோம்ஸ்கூலிங். நேரத்தின் சாவி குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். அந்தச் சாவியை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பள்ளியில் எவ்வளவு நேரம் படிப்பு நடக்கிறது?

"வீட்டில் இரண்டு மணி நேரம்தான் படிப்பு" என்று ஒரு பெற்றோர் சொன்னால் கேட்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். பள்ளிக்குப் போகிற பிள்ளை எட்டு மணிக்கு வேன் ஏறி நாலரைக்கு வருகிறது, அப்புறம் டியூஷனும் போகிறது, இவர்களுக்கு மட்டும் எப்படி இரண்டு மணி நேரத்தில் முடியும்?

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் இருந்தால் போதும். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். வகுத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 4 மணி நேரம், பெரியவர்களுக்கு ஏறக்குறைய நாலரை. வேனில் உட்கார்ந்திருப்பது, பிரேயர், இடைவேளை, ஆண்டு விழாவுக்கான ஒத்திகை எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே.

அந்த 4 மணி நேரமும் ஒரு பிள்ளைக்கானது கிடையாது. தொடக்க வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்பது அதே சட்டத்தின் அளவு. 40 நிமிட பீரியட் என்று வைத்துக்கொண்டால், அட்டெண்டன்ஸ் எடுக்கவே வேண்டாம், ஒருவர்கூட "மிஸ், இவன் கிள்றான்" என்று எழுந்திருக்க வேண்டாம், அப்படியே முழுசாகப் பங்கு போட்டாலும் தலைக்கு 1 நிமிடம் 20 நொடிதான் வரும்.

இது டீச்சரின் குற்றம் என்று சொல்லவரவில்லை. டவுன் பஸ் மாதிரிதான். தாம்பரத்திலிருந்து ஏறினால் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று, இறங்குகிறவர் இறங்கி, ஏறுகிறவர் ஏறி, சில்லறை வாங்கித்தான் போயாக வேண்டும். பஸ் அத்தனை பேரையும் சுமக்கிறது. அதே தூரத்தை ஸ்கூட்டரில் ஒருவர் பாதி நேரத்தில் கடந்துவிடுவார். அதனால் அவர் பெரிய டிரைவர் என்று ஆகிவிடாது, நிற்க வேண்டிய ஸ்டாப் அவருக்கு இல்லை, அவ்வளவே. ஸ்கூட்டரில் ஒருவரைத்தான் ஏற்றலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

நேரத்துக்குள் இருக்கும் நேரம்

கல்வி ஆய்வாளர்கள் இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். டைம்டேபிளில் ஒரு பாடத்துக்கென்று எழுதிவைத்தது ஒதுக்கிய நேரம். அதற்குள் பிள்ளையின் மூளை உண்மையாகவே அந்தப் பாடத்தில் வேலை செய்த நிமிடங்கள் ஈடுபாட்டு நேரம். கற்றலுக்குக் கணக்கில் வருவது இரண்டாவதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜான் கேரல் 1963இல் இதில் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். ஒரு விஷயத்தைக் கற்க ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டிய நேரம் வேறு, எவ்வளவு கற்கிறது என்பது அந்தத் தேவையில் எத்தனை பங்கு நேரத்தை அது உண்மையில் செலவிட்டது என்பதைப் பொறுத்தது. கேட்டால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஒரு வகுப்பறையில் இதைச் செயல்படுத்தவே முடியாது, ஏனென்றால் அடுத்த திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்து அடுத்த பாடத்துக்குப் போயாக வேண்டும்.

வீட்டில் என்ன நடக்கும் என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். பத்து வயதுப் பெண் பின்னக் கணக்கு போடுகிறாள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டாள், உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிற தப்பு. பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிற அப்பா அதை எழுதுகிற நொடியிலேயே பார்க்கிறார். தப்பு என்று சொல்லவில்லை. "2/5 பெரிசா, அரை பெரிசா?" என்று கேட்கிறார். கொஞ்சம் யோசித்து, "அரைதான்" என்கிறாள். "அப்போ அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அது எப்படிம்மா அரையை விடக் குறையும்?" பென்சில் நிற்கிறது. முறைக்கிறாள். ரப்பரை எடுக்கிறாள்.

மொத்தம் நாலு நிமிடம். இதே தப்பு வகுப்பில் நடந்தால் அந்த நோட்டு திருத்தத்துக்குப் போய், இரண்டு நாள் கழித்து ஒரு சிவப்புப் பெருக்கல் குறியோடு திரும்பி வரும். அதற்குள் அதே தப்போடு இன்னும் பதினைந்து கணக்கு போட்டு முடித்திருப்பாள். வீட்டுப் படிப்பு குறைந்த நேரத்தில் முடிவதன் ரகசியம் இதுதான். வேறு எந்த மாயமும் இல்லை.

ஒருவருக்கு ஒருவர் கற்பிப்பதன் பலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதியதை எடுத்துப்போடுவார்கள். அப்படிப் படித்த சராசரி மாணவர், சாதாரண வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை முந்தினார் என்பது அவர் சொன்னது. ஹோம்ஸ்கூலிங் குழுக்களில் இது மந்திரம் மாதிரி ஓதப்படுகிறது. ஆனால் பிற்கால ஆய்வுகளில் தனிப்பயிற்சிக்குப் பலன் தெரிந்தாலும் இவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை. அதோடு, அவர் ஒப்பிட்டது நல்ல பயிற்சி பெற்றவர்களிடம் படித்த பிள்ளைகளை. பொறுமையில்லாத அப்பா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவது அந்தக் கணக்கில் வராது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பள்ளியின் எட்டு மணி நேரத்தோடு வீட்டின் இரண்டு மணி நேரத்தை ஒப்பிடக் கூடாது. ஈடுபாட்டு நேரத்தை ஈடுபாட்டு நேரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஒரு நாள் எப்படி ஓடும்?

ஏழு வயதில் ஒன்று, பதினொன்றில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள் உள்ள வீடாக வைத்துக்கொள்வோம். காலை டிபன் முடிந்து ஒன்பதோ ஒன்பதரையோ, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அங்கேயே உட்காருகிறார்கள். பெரியவன் தானாகக் கணக்கு போடும்போது அம்மா சின்னவளோடு வாசிக்கிறார். சின்னவள் எழுதும்போது பெரியவனின் கணக்கைப் பார்க்கிறார். நடுவில் சிலிண்டர்காரர் வருவார், கொரியர் வரும், சின்னவளுக்குத் திடீரென்று பசிக்கும். பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் உட்கார்ந்து படிக்கிற படிப்பு முடிந்துவிடும். பெரும்பாலான வீடுகள் காலையைத்தான் பிடித்துக்கொள்கின்றன. மதியச் சாப்பாட்டுக்கு மேல் இன்னொரு அமர்வு என்று திட்டம் போட்ட வீடுகளில் அது நடப்பதைவிட நடக்காமல் போவதே அதிகம்.

வயதுக்கு ஏற்ப எவ்வளவு நேரம் என்று புதியவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஆறேழு வயதில் ஒரு மணி நேரம், அதுவும் கால் மணி, இருபது நிமிடத் துண்டுகளாக. பத்து வயதில் இரண்டு, இரண்டரை மணி. பதின்மூன்று, பதினான்குக்கு மேல் மூன்று, நான்கு மணி, அதில் பெரும்பகுதி பிள்ளை தானாகப் படிப்பது. இது எங்கும் எழுதிவைத்த விதி இல்லை, வீடுகளில் பழகிப்போன ஒரு அளவு.

எல்லாப் பாடத்தையும் எல்லா நாளும் தொட முயல்கிறவர்கள்தான் சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கு, தமிழ் வாசிப்பு, ஆங்கில வாசிப்பு மட்டும் தினமும். மற்றவற்றை வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு எந்தக் கிழமையோடும் சேர்க்காமல் சுற்றவிடுவது நல்ல வழி. இதற்கு வளைய அட்டவணை என்று பெயர். அறிவியல், வரலாறு, ஓவியம், இந்தி என்று வரிசை இருந்தால், இன்று அறிவியல் முடிந்தது, நாளை வரலாறு. நாளை மறுநாள் உறவில் ஒரு வளைகாப்பு, நாள் போய்விட்டது. அதற்கடுத்த நாள் ஓவியத்திலிருந்து தொடங்கினால் சரி. கிழமைக்கு ஒரு பாடம் என்று பிரித்திருந்தால் வெள்ளிக்கிழமைப் பாடம் மட்டும் மாதக்கணக்கில் நடக்காமலே கிடக்கும், ஏனென்றால் நம் வீடுகளில் பூஜையும் பயணமும் வெள்ளிக்கிழமையில்தான் வந்து விழும்.

மிச்ச நேரம்

பன்னிரண்டு மணிக்குப் படிப்பு முடிந்தால் தூங்கப்போகும் வரை இன்னும் ஒன்பது மணி நேரம் இருக்கிறது. ஹோம்ஸ்கூலிங் நன்றாக நடக்கிறதா என்பது பெரும்பாலும் இந்த ஒன்பது மணி நேரத்தில்தான் தெரியும் என்பது என் எண்ணம், காலை இரண்டு மணி நேரம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

கொஞ்சம் வீட்டு வேலையில் போகும். துணி மடிப்பது, கடைக்குப் போவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது. இதையெல்லாம் "வாழ்க்கைக் கல்வி" என்று பெயரிட்டுப் படம் போடுகிறவர்கள் உண்டு. சமையலறையில் கணக்கு வரும் என்பதும் கொஞ்சம் அதிகமாகவே விற்கப்படுகிற சரக்கு. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுகிற பிள்ளைக்கு விகிதம் தானாக வந்துவிடாது. "ஆறு டம்ளர் அரிசின்னா உளுந்து எவ்வளவு?" என்று யாராவது கேட்டு, அது ஒன்றரை என்று வருவதற்கு அவள் முட்டிமோதினால்தான் அங்கே கணக்கு நடக்கிறது. கேட்காவிட்டால் அது மாவு அரைத்ததோடு சரி. அதுவும் நல்லதுதான், வேலை முடிந்தது.

பெரிய பகுதி பிள்ளையின் சொந்த ஆர்வத்துக்குப் போகும், அல்லது போக வேண்டும். செஸ், நீச்சல், மிருதங்கம் என்று ஒன்றில் தீவிரமாக இறங்கிய பிள்ளைகளின் வீடுகள் ஹோம்ஸ்கூலிங் பக்கம் வருவது இந்த நேரத்துக்காகத்தான். அப்படி ஒன்றும் இல்லாத பிள்ளைக்கும் நீண்ட, உடையாத பிற்பகல் கிடைக்கிறது. பழைய சைக்கிளைக் கழற்றி மாட்ட இரண்டு நாள் ஆகும் என்றால் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாம், மணி அடித்து யாரும் நிறுத்தமாட்டார்கள்.

வார நாட்களில் வெளியே போகலாம் என்பது பலர் முழுசாகப் பயன்படுத்தாத வசதி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போவதும் ஞாயிற்றுக்கிழமை போவதும் ஒன்றல்ல. எழும்பூர் அருங்காட்சியகமும் அப்படித்தான் (வெள்ளிக்கிழமை மட்டும் மூடியிருக்கும்). வேடந்தாங்கலுக்கு டிசம்பர் மாத வார நாளில் போனால் பறவைகளை நிம்மதியாகப் பார்க்கலாம், பொங்கல் விடுமுறையில் மனிதர்களைத்தான் பார்க்க முடியும்.

இந்த நேரத்தில் இரண்டு ஓட்டைகளும் உண்டு. ஒன்று திரை. மிச்ச நேரம் முழுவதையும் யூடியூபும் கேமும் தின்றுவிடும், அதற்குப் பத்து நாள் போதும். இதற்கு எந்தத் தத்துவமும் உதவாது, எப்போது, எவ்வளவு நேரம் என்று வீட்டில் விதி வேண்டும். இன்னொன்று நண்பர்கள். அபார்ட்மெண்ட் பிள்ளைகள் பள்ளியும் டியூஷனும் முடித்துக் கீழே இறங்குவதே மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு. அதுவரை உங்கள் பிள்ளை தனியாகத்தான் இருக்கும். அதனால்தான் பல குடும்பங்கள் வாரத்தில் ஒரு நாளை மற்ற ஹோம்ஸ்கூலிங் குடும்பங்களோடு பூங்காவிலோ ஒருவர் வீட்டிலோ சேர்வதற்கென்றே ஒதுக்கிவைக்கின்றன. ஒரே பிள்ளை உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

படிப்பு நேரம், மிச்ச நேரம் என்ற கோட்டையே போடாதவர்களும் இருக்கிறார்கள். பாடத்திட்டம் வைக்காமல் பிள்ளையின் ஆர்வத்தின் பின்னாலேயே போவது அன்ஸ்கூலிங். அமெரிக்காவில் கல்வி எழுத்தாளர் ஜான் ஹோல்ட் 1970களில் பரப்பிய சொல் இது. வெளியிலிருந்து பார்த்தால் சும்மா விட்டுவிட்டது போல இருக்கும், ஆனால் ஒழுங்காகச் செய்கிற வீட்டில் பெற்றோருக்கு வேலை கூடத்தான் ஆகும். பிள்ளை எரிமலை பற்றிக் கேட்டால் அன்றைக்கே புத்தகம் தேடி ஓட வேண்டும்.

இதுவரை: காலையில் குறுகிய, அடர்த்தியான படிப்பு, தினமும் மூன்று பாடம், மற்றவை வளையமாக. பிற்பகல் பிள்ளைக்கு, ஆனால் திரைக்கும் தனிமைக்கும் ஒரு கண் வேண்டும்.

வருடங்களும் தேர்வும்

நாளைவிட வருடத்தில்தான் ஹோம்ஸ்கூலிங்கின் நேரம் அதிகம் வளைந்து கொடுக்கிறது. ஒரு பிள்ளை வகுத்தலில் இரண்டு மாதம் நிற்கலாம், தசமத்தை ஒரே வாரத்தில் தாண்டலாம். ஆனால் தேர்வு இல்லாததால் மறதி கண்ணுக்குத் தெரியாது. படித்தது முதல் சில நாட்களிலேயே வேகமாக நழுவுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னையே சோதித்துக் காட்டினார். அதற்கு மருந்து, மறக்கத் தொடங்கும் சமயத்தில் நாள், வாரம், மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பக் கேட்பது. பள்ளியில் யூனிட் டெஸ்ட், காலாண்டு, அரையாண்டு என்று அரைகுறையாகவாவது இது நடந்துவிடுகிறது. வீட்டில் யாராவது நினைவு வைத்திருந்து செய்தால்தான் உண்டு. ஹோம்ஸ்கூலிங் வீடுகளின் பலவீனம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பதின்மூன்று வயதுக்கு மேல் காலண்டர் இறுகும். இந்தியாவில் பெரும்பாலானோர் போகிற வழி தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், எல்லோரும் சொல்வது என்ஐஓஎஸ். 14 வயது நிரம்பினால் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, தயாரானதை எழுதிவிட்டு மற்றதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். நேரத்தைப் பொறுத்தவரை இது பெரிய சலுகை. ஆனால் பதிவுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் கடைசித் தேதி உண்டு, தவறவிட்டால் அரை வருடம் போகும். அதுவரை தேதி பார்க்காமலே வாழ்ந்த குடும்பங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன.

யாருடைய நேரம்?

ஸ்கூட்டரில் ஒருவரைத்தான் ஏற்றலாம் என்றேனே, அதற்கு வருகிறேன். பிள்ளையின் இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் பெரியவர் ஒருவரின் முழு நாள் இருக்கிறது. படிப்பு முடிந்த பிறகும் யாராவது வீட்டில் இருந்தாக வேண்டும், வகுப்புகளுக்குக் கூட்டிப்போக வேண்டும், அடுத்த வாரத்துக்குப் புத்தகம் பார்க்க வேண்டும். நான் பார்த்த வீடுகளில் பத்துக்கு எட்டில் அது அம்மாதான். ஒரு சம்பளம் நின்றுபோகும், அல்லது பாதியாகும். இரவு பத்து மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்க்கிற அம்மாக்கள் இந்த உலகத்தில் நிறைய. அப்பா வாரத்தில் இரண்டு காலையாவது முழுதாக எடுத்துக்கொள்கிற வீடுகள் நீடிக்கின்றன. "நான் சனிக்கிழமை சயின்ஸ் சொல்லித்தர்றேன்" என்று ஆரம்பிக்கிறவரின் சனிக்கிழமைகளுக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் சில மாதங்கள்

பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்த பிள்ளைக்கு மறுநாளே டைம்டேபிள் ஒட்டக் கூடாது. மணி அடித்தால் படிப்பது, சொன்னால் செய்வது என்ற பழக்கம் கலைய ஒரு இடைவெளி வேண்டும். இதை டீஸ்கூலிங் என்கிறார்கள். பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் என்று ஒரு கணக்கு புழங்குகிறது. அதை அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் சில வாரங்கள் பிள்ளை ஒன்றுமே செய்யாமல் சலித்துக் கிடந்தால் பதறவும் வேண்டாம்.

அந்த வாரங்களில் பெற்றோர் செய்யக்கூடியது, முன்கூட்டி அட்டவணை போடுவதற்குப் பதிலாக நடந்ததை ஒரு நோட்டில் எழுதிவைப்பது. தேதி, என்ன செய்தாள், ஏறக்குறைய எவ்வளவு நேரம். "பின்னம் 20 நிமிடம், நடுவில் அழுகை. தமிழ்க் கதை இரண்டு. மதியம் முழுக்க அட்டைப்பெட்டி வீடு." இவ்வளவு போதும். இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால் எந்த மணியில் பிள்ளைக்குக் கணக்கு ஓடுகிறது, எந்தப் பாடம் மூன்று வாரமாகத் தொடப்படவே இல்லை என்பதெல்லாம் தானாகத் தெரியும், அதை வைத்து அட்டவணை போட்டால் அது அந்த வீட்டுக்குப் பொருந்தும்.

அந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, இதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளையையும் நடுவில் நின்ற பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம், மற்றவர்களோடு சமமாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. இரண்டு வருடம் கழித்து "திரும்பப் பள்ளிக்கே போறேன்" என்று அவள் சொன்னால், எங்கிருந்து தொடங்குவது என்று அங்கே டீச்சர் கேட்கும்போது எடுத்துக்காட்ட உங்களிடம் மார்க் ஷீட் இருக்காது, அந்த நோட்டு இருக்கும்.